கொடுத்த எழுத்துகள் எல்லாம் இருக்கிற நீளமான ஆங்கிலச் சொல்லை எப்படிப் பிடிப்பது?

சொல்வேட்டை கேட்டது:

ஒரு சொல் விளையாட்டு. சுற்றுக்கு 5 ஆங்கில எழுத்து கொடுப்பார்கள். அந்த ஐந்தும் உள்ள ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். வரிசை எப்படியும் இருக்கலாம், இடையில் வேறு எழுத்துகள் எத்தனையும் வரலாம். யார் சொல் நீளமோ அவருக்குப் புள்ளி. நேரம் 2 நிமிடம். போன், அகராதி கூடாது. சுற்று முடிந்த பிறகு கணினியில் சரிபார்க்கலாம்.

உதாரணத்துக்கு எச், ஒய், சி, ஜி, எல். சைக்காலஜி என்று 10 எழுத்து வரை வந்துவிடுகிறது. அதற்கு மேல் போக வழி தெரியவில்லை. எதிரணியில் இருப்பவர்கள் 20 எழுத்தெல்லாம் சொல்கிறார்கள்.

இரண்டு கேள்விகள். மனசுக்குள்ளேயே தேட ஏதாவது முறை உண்டா? கணினியில் எப்படித் தேடுவது? கூகுள் ஷீட்ஸில் சொற்பட்டியலை ஒட்டி, லுக்அஹெட் பேட்டர்ன் (இந்த எழுத்து முன்னால் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கும் தேடல் குறி) போட்டால் எரர் வருகிறது. ஐந்து எழுத்தையும் சதுர அடைப்புக்குள் போட்டால் எரர் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட முழுப் பட்டியலுமே திரும்ப வந்து நிற்கிறது.

---

கட்டளைவரி பதில்:

கணினி பக்கத்தை மட்டும் நான் சொல்றேன். மனசுல தேடுறதை வேற யாராவது சொல்லட்டும்.

சதுர அடைப்புன்னா “இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்”னு அர்த்தம். எல் ஒண்ணு இருந்தாலே சொல் உள்ள வந்துடும். அதனாலதான் பட்டியல் அப்படியே வருது. உங்களுக்கு வேண்டியது அஞ்சும் சேர்ந்து இருக்கணும்ங்கிற நிபந்தனை. அதுக்குத்தான் லுக்அஹெட் சொல்வாங்க, ஆனா ஷீட்ஸ் உள்ள ஓடுற ஆர்இ2ங்கிற பேட்டர்ன் தேடும் எஞ்சின்ல லுக்அஹெட் கிடையவே கிடையாது. நீங்க எப்படி எழுதினாலும் எரர்தான்.

சுலபமான வழி: ஃபில்டர் ஃபார்முலாவுக்கு எத்தனை நிபந்தனை வேணும்னாலும் கமா போட்டு அடுக்கலாம். ஒரு எழுத்துக்கு ஒரு ரெஜெக்ஸ்மேட்ச் (சொல்லுக்குள்ள அந்த எழுத்து இருக்கான்னு பார்க்கிற ஃபங்ஷன்). அஞ்சு எழுத்து, அஞ்சு ரெஜெக்ஸ்மேட்ச், அவ்வளவுதான். வெளியில வரிசைப்படுத்துற சார்ட் போட்டு, நீளத்தை எண்ணுற லென் வச்சு இறங்குவரிசையில அடுக்கிட்டா நீளமானது மேல வந்துடும். பட்டியல் முழுக்க சின்ன எழுத்துல இருக்கான்னு பார்த்துக்கோங்க. ரெஜெக்ஸ்மேட்சுக்குப் பெரிய எச்சும் சின்ன எச்சும் வேற வேற.

எக்செல்னா 2021 பதிப்புலயோ 365லயோ ஃபில்டர் இருக்கு. அங்க நிபந்தனைகளைக் கமாவால அடுக்க முடியாது, பெருக்கல் குறி போட்டுப் பெருக்கணும். ஒவ்வொண்ணும் இஸ்நம்பருக்குள்ள (விடை எண்ணான்னு பார்க்கிறது) சர்ச் (எழுத்து எந்த இடத்துல இருக்குன்னு தேடுறது). சர்ச் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, ஃபைண்ட் பார்க்கும். பழைய எக்செல்ல ஆட்டோஃபில்டரை நம்பாதீங்க, அதோட கஸ்டம் பெட்டில ஒரு நெடுவரிசைக்கு ரெண்டு நிபந்தனைதான் போடலாம்.

லினக்ஸ், மேக் இருந்தா இன்னும் சுலபம். பட்டியலை கிரெப் எச் (எச் உள்ள வரிகளை மட்டும் எடுக்கிற கட்டளை), அதை பைப் போட்டு (விடையை அடுத்த கட்டளைக்கு அனுப்பி) கிரெப் ஒய், அடுத்து கிரெப் சி, இப்படியே அஞ்சு கிரெப். பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காம இருக்க ஒவ்வொண்ணுக்கும் ஹைஃபன் ஐ போட்டுக்கோங்க. அப்புறம் ஆக் கட்டளையால நீளத்தையும் சொல்லையும் அச்சிட்டு, சார்ட்ல ஆர் (இறங்குவரிசை), என் (எண் வரிசை) ரெண்டு ஃபிளாகும், கடைசில முதல் சில வரிகளை மட்டும் காட்டுற ஹெட். சார்ட்ல என் ஃபிளாக் விட்டுப்போச்சுன்னா எண்ணை எண்ணா பார்க்காம எழுத்தா பார்க்கும், 9 எழுத்துச் சொல் 27 எழுத்துச் சொல்லுக்கு மேல போய் உட்கார்ந்துக்கும். ஒரே கிரெப்ல லுக்அஹெட் வேணும்னா பெரிய பி ஃபிளாக் வேணும். மேக்கோட வர்ற கிரெப்ல அந்த ஃபிளாக் இல்ல. அதனால அஞ்சு பைப்தான் எங்கயும் ஓடும்.

இன்னொண்ணு, விண்டோஸ்ல சேமிச்ச பட்டியலை லினக்ஸ்ல ஓட்டினா ஒவ்வொரு வரிக் கடைசிலயும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒட்டிட்டு வரும். எல்லாச் சொல்லும் ஒரு எழுத்து நீளமா காட்டும். “இந்த எழுத்துல முடியணும்”னு தேடினா ஒண்ணுமே வராது. அதை நீக்குற டாஸ்2யூனிக்ஸ் கட்டளையை ஓட்டிட்டுத் தொடங்குங்க.

எதுவும் நிறுவ வேண்டாம்னா சொல் தேடுற ஒன்லுக் தளம் போதும். நட்சத்திரக் குறி, எழுத்து, நட்சத்திரக் குறி, இது ஒரு பேட்டர்ன். இப்படி எழுத்துக்கு ஒண்ணா கமா போட்டு அடுக்கினா எல்லாத்துக்கும் பொருந்துறதை மட்டும் தரும்.

---

வேர்ச்சொல் பதில்:

மனசுக்குள் தேடும் முறைக்கு வருகிறேன்.

நீளமான ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கட்டியவை. அதனால் எழுத்து எழுத்தாகத் தேடுவதை விட்டுவிடுங்கள். கொடுத்த எழுத்துகளில் அதிகமானவற்றை எந்த விகுதி தனக்குள் வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விகுதி கிடைத்துவிட்டால் மிச்ச எழுத்துக்கு மட்டும் முன்னால் ஒரு துண்டு தேடினால் போதும்.

உங்கள் ஐந்தையே எடுத்துக்கொள்வோம். லாஜிக்கலி என்ற முடிவில் 9 எழுத்து. எல், ஜி, சி, ஒய் நான்கும் அதிலேயே இருக்கின்றன. பாக்கி எச் ஒன்றுதான். எச் உள்ள துண்டுகளை முன்னால் வையுங்கள்: சைக்கோ வைத்தால் சைக்கலாஜிக்கலி, 15. ஃபிசியோ வைத்தாலும் மார்ஃபோ வைத்தாலும் 15. ஆர்க்கியோ 16, ஆனால் அது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல்படி. அமெரிக்க வழியில் ஓர் ஏ குறையும், 15தான். துண்டுகளை அடுக்கவும் செய்யலாம். சைக்கோவுக்குப் பின் ஃபிசியோ சேர்த்தால் சைக்கோஃபிசியலாஜிக்கலி, 21 எழுத்து.

அதைவிடச் சிறந்தது கிராஃபிக்கலி என்ற முடிவு. 11 எழுத்து, உங்கள் ஐந்துமே அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஜி தொடக்கத்தில், நடுவில் எச், அடுத்து சி, பிறகு இரண்டு எல், கடைசியில் ஒய். இனி முன்னால் எந்தத் துண்டு வந்தாலும் சொல் செல்லும். ஜியோகிராஃபிக்கலி 14. லெக்சிகோகிராஃபிக்கலி, பிப்ளியோகிராஃபிக்கலி தலா 17. ஆட்டோபயோகிராஃபிக்கலி 18. சினிமாட்டோகிராஃபிக்கலி 19. கிரிஸ்டலோகிராஃபிக்கலி 20. ஃபோட்டோலித்தோகிராஃபிக்கலி 21. எலக்ட்ரோகார்டியோகிராஃபிக்கலி 24. எலக்ட்ரோஎன்செஃபலோகிராஃபிக்கலி 27. எதிரணியினர் சொல்லும் 20 எழுத்துச் சொற்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையாகத்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறாக, எழுத்தே திரும்ப வராத சொல் ஒன்றும் இந்த ஐந்துக்குப் பொருந்துகிறது: டெர்மட்டோகிளிஃபிக்ஸ், விரல் ரேகை பற்றிய துறை. 15 எழுத்து, பதினைந்தும் வெவ்வேறு. புள்ளிக்கு அவ்வளவு உதவாது. ஆனால் அழகான சொல், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சொல்லில் 15 வெவ்வேறு எழுத்து இருப்பதால் பல எழுத்துக் கூட்டங்களுக்கு அது அப்படியே பொருந்தும். அன்காப்பிரைட்டபிள் என்ற சொல்லும் அதே வகை, அதே 15.

அடுத்தது அரிய எழுத்துகள். கூட்டத்தில் ஜே, க்யூ, எக்ஸ், இசட் ஏதாவது இருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். வாய்ப்புகள் குறைவு என்பதால் தேடலும் குறையும். இசட் வந்தால் கிட்டத்தட்ட கண்ணை மூடிக்கொண்டு ஐசேஷன் என்ற விகுதிக்குப் போங்கள். இசட்டும் எக்ஸும் சேர்ந்து வந்தால் கான்டெக்சுவலைசேஷன் 17, முன்னால் டீ (டி, இ இரண்டு எழுத்து) சேர்த்தால் 19. க்யூ வந்தால் யு இலவசம். இன்கான்சிக்வென்ஷியலி 17, பிக்சரெஸ்க்னெஸ் 15, கிராண்டிலோக்வென்ட்லி 15. க்யூவும் எக்ஸும் சேர்ந்தால் எக்ஸ்குவிசிட்னெஸ் 13, அதற்கு மேல் போவது கடினம். ஜேவுக்கு ஜெக்ட், ஜூரிஸ் என்ற வேர்கள், அப்ஜெக்டிஃபிகேஷன் 15. ஜேவும் எக்ஸும் ஒன்றாக வந்தால் ஜக்ஸ்டபொசிஷன் நினைவுக்கு வர வேண்டும், 13.

டபிள்யூ தனி ரகம். கிரேக்க, லத்தீன் துண்டுகளில் அது வராது. லாஜிக்கலி, கிராஃபிக்கலி பக்கம் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பழைய ஆங்கிலத் துண்டுகளுக்குப் போக வேண்டும். வொர்தினெஸ் என்ற முடிவு கைவசம் இருந்தால் எச்சும் கூடவே வந்துவிடும்: டிரஸ்ட்வொர்தினெஸ் 15, முன்னால் அன் சேர்த்தால் 17, கிரெடிட்வொர்தினெஸ் 16. டபிள்யூ, கே, எம், எச் நான்கும் வந்தால் ஒர்க்மன்ஷிப், 11தான், ஆனால் நான்கையும் ஒரே சொல்லில் பிடிப்பது எளிதல்ல. கேவும் பாதி அப்படித்தான். கலைடோஸ்கோப்பிக்கலி போன்று கிரேக்கத்திலிருந்து கேவோடு வந்த சில சொற்கள் உண்டு, 17 எழுத்து.

2 நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் 20 வினாடி விகுதிக்கு. அடுத்த 40 வினாடிக்குள் ஏதாவது ஒரு 14, 15 எழுத்துச் சொல்லைத் தாளில் எழுதிவிடுங்கள். மிச்ச நேரம் முழுக்க அதன் முன்பகுதியை நீட்டுவதற்கு மட்டும். விகுதியை மாற்றிக்கொண்டே இருந்தால் நேரம் போய்விடும்.

---

சொல்வேட்டை மறுமொழி:

இரண்டு பேருக்கும் நன்றி. ஷீட்ஸில் ஃபில்டர் வேலை செய்கிறது. ஆனால் ஸ்கிராபிள் பட்டியலை ஒட்டியதில் 15 எழுத்துக்கு மேல் ஒரு சொல்கூட வரவில்லை. வேர்ச்சொல் சொன்ன 27 எழுத்துச் சொல்லைக் காணோம்.

அடுத்து, விகுதி முறைப்படி லாஜிஸ்ட் என்று முடித்து ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட் எழுதினேன், 21. அதைச் செல்லாது என்றார்கள். எச் இருக்கிறது, ஒய் இருக்கிறது, ஜி, எல் இருக்கின்றன. எங்கே தவறிப்போயிற்று?

எல் மூன்று முறை வர வேண்டும் என்று கேட்டால் எப்படித் தேடுவது?

---

அகரவரிசை பதில்:

செல்லாது என்றது சரிதான். ஓட்டோரைனோலாரிங்காலஜிஸ்ட்டில் சி இல்லை. லாஜிக்கல் என்று முடிக்கும்போது வரும் சி, லாஜிஸ்ட் என்று முடிக்கும்போது போய்விடுகிறது. ஓட்டோரைனோலாரிங்காலஜிக்கல் என்று எழுதியிருந்தால் 22 எழுத்து, ஐந்தும் இருக்கும், செல்லும். அதில் எச் ரைனோவிலிருந்து வருகிறது, ஒய் லாரிங்கோவிலிருந்து. காதில் விழும் ஒலியை நம்பி எழுத்தை டிக் செய்தால் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வரும். சொல்லை முழுக்க எழுதி, கேட்ட எழுத்து ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கிராபிள் பலகை 15க்கு 15 கட்டம். அதற்கு மேல் நீளமான சொல்லை வைக்கவே முடியாது என்பதால் அந்தப் பட்டியல்கள் 15 எழுத்தோடு நின்றுவிடும். காலின்ஸ் 2019 பட்டியலில் 2,79,496 சொற்கள் இருந்தும் ஒன்றுகூட 16 எழுத்தைத் தொடாது. உங்கள் ஆட்டத்துக்கு அது தவறான பட்டியல்.

மாற்றாக எனேபிள் பட்டியலை எடுங்கள். 1.7 லட்சம் சொற்களுக்கு மேல், 20 எழுத்தைத் தாண்டியவையும் உண்டு, யாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம். இன்னும் வேண்டுமென்றால் ஸ்கௌல் என்ற சொற்பட்டியல் தொகுப்பு. அதில் அளவு எண் 10 முதல் 95 வரை போகும். எண் கூடக் கூட அரிய சொற்கள் சேரும். 70 வரை எடுத்தால் போதும். 95 வரை போனால் எந்த நடுவரும் ஒப்புக்கொள்ளாத சொற்கள் நிறைய வந்துவிடும்.

மேக்கில் ஏற்கெனவே இருக்கும் வேர்ட்ஸ் கோப்பைப் பலர் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அது 1934இல் வந்த வெப்ஸ்டர் இரண்டாம் பதிப்பிலிருந்து எடுத்தது. சுமார் 2.35 லட்சம் வரிகள் இருந்தாலும் பன்மை, இறந்தகால வடிவங்கள் பெரும்பாலும் இருக்காது. 1934க்குப் பிறகு வந்த சொற்களும் இருக்காது. டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் வேர்ட்ஸ் கோப்பில் வேறு சிக்கல்: பெயர்ச்சொற்கள் பெரிய எழுத்தில் கலந்திருக்கும், மேற்கோள் குறியும் எஸ்ஸும் ஒட்டிய உடைமை வடிவங்களும் இருக்கும். மேற்கோள் குறி உள்ள வரிகளை முதலில் நீக்குங்கள், இல்லையென்றால் நீளக் கணக்கு தவறும்.

எந்தப் பட்டியலானாலும் அது அமெரிக்க எழுத்துக்கூட்டலா பிரிட்டிஷா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். ஐசேஷன் விகுதியை இசட் போட்டும் எழுதலாம், எஸ் போட்டும் எழுதலாம். இசட் கேட்டபோது ஒருவர் இன்ஸ்டிட்யூஷனலைசேஷன் என்று 20 எழுத்துச் சொல் சொல்ல, பட்டியலில் எஸ் வடிவம் மட்டும் இருந்தால் வீண் தகராறுதான்.

மூன்று எல் பற்றி. ஃபில்டரில் “எல் இருக்கிறதா” என்ற கேள்வி ஒன்றுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் பார்க்காது. சொல்லின் நீளத்திலிருந்து, எல் எழுத்தை எல்லாம் சப்ஸ்டிட்யூட் போட்டு நீக்கிய பிறகுள்ள நீளத்தைக் கழியுங்கள். கிடைப்பது எல்லின் எண்ணிக்கை. அது 3 அல்லது அதற்கு மேல் என்று நிபந்தனை வையுங்கள். சப்ஸ்டிட்யூட் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறாகப் பார்க்கும் என்பதால் முதலில் சின்ன எழுத்தாக மாற்றும் லோயர் போட்டுக்கொள்ளுங்கள். கிரெப்பில் என்றால் எல், புள்ளி நட்சத்திரம், எல், புள்ளி நட்சத்திரம், எல் என்று ஒரே பேட்டர்ன் (புள்ளி நட்சத்திரம் என்றால் இடையில் எதுவும் வரலாம்).

பைத்தான் நிரலில் செட் வைத்து, கேட்ட எழுத்துகள் சொல்லின் எழுத்துகளுக்குள் அடங்குகின்றனவா என்று (சப்செட்) பார்த்தாலும் இதே பிரச்சினைதான், செட்டுக்குள் போனவுடன் மூன்று எல்லும் ஒன்றாகிவிடும். ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் கவுண்டர் எடுங்கள். இரண்டு கவுண்டரைச் சிறியது-அல்லது-சமம் குறியால் ஒப்பிடும் வசதி 3.10 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முந்தையதில் கேட்ட எழுத்துகளின் கவுண்டரிலிருந்து சொல்லின் கவுண்டரைக் கழித்து, மிச்சம் காலியா என்று பாருங்கள். 

இந்த நிபந்தனை வந்தால் மேலே சொன்ன பட்டியலும் மாறும். சைக்கலாஜிக்கலியில் மூன்று எல், செல்லும். ஜியோகிராஃபிக்கலியிலும் சினிமாட்டோகிராஃபிக்கலியிலும் இரண்டுதான், போய்விடும். பிப்ளியோவில் ஓர் எல் கூடுதலாக இருப்பதால் பிப்ளியோகிராஃபிக்கலி நிற்கும். 27 எழுத்துச் சொல்லில் எலக்ட்ரோவில் ஒன்று, என்செஃபலோவில் ஒன்று, முடிவில் இரண்டு, மொத்தம் நான்கு.

---

கட்டளைவரி பதில்:

விதியில ஒரு விஷயத்தை எழுதி வச்சுக்கோங்க. வரிசை முக்கியமா இல்லையா? சில பேர் “இதே வரிசையில வரணும்”னு ஆடுவாங்க, அப்போ தேடலே வேற. எல், ஜி, சி, ஒய்னு வரிசையா கேட்டா, எழுத்துகளுக்கு நடுவுல புள்ளி நட்சத்திரம் போட்ட ஒரே பேட்டர்ன் போதும். அது ஷீட்ஸ்லயும் ஓடும், லுக்அஹெட் தேவையில்ல. லாஜிக்கலின்னு முடியுற எல்லாமே பொருந்தும். கிராஃபிக்கலில சி வந்த பிறகுதான் எல் வருது, அதனால ஜியோகிராஃபிக்கலி விழுந்துடும். லெக்சிகோகிராஃபிக்கலி முதல் எழுத்தே எல்லுங்கிறதால தப்பிக்கும், பிப்ளியோகிராஃபிக்கலி மாதிரி ஜிக்கு முன்னாலயே ஒரு எல் இருக்கிறதும் தப்பிக்கும்.

“இந்த எழுத்துகள் மட்டும்தான் வரலாம்”ங்கிறது மூணாவது வகை. நீங்க முதல்ல தப்பா போட்ட சதுர அடைப்பு இங்கதான் சரி. முன்னால தொடக்கக் குறி (^), பின்னால பிளஸ்ஸும் முடிவுக் குறியும் ($) சேர்த்துக்கோங்க. கீபோர்டோட மேல் வரிசை 10 எழுத்தை மட்டும் கொடுத்துப் பாருங்க. டைப்ரைட்டர், ப்ரொப்ரைட்டர், பெர்பெச்சுவிட்டி, ரெபர்ட்வார் எல்லாம் 10 எழுத்துல வந்து நிக்கும். இது வந்தா உங்க பேட்டர்ன் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

---

சொல்வேட்டை மறுமொழி:

எனேபிள் பட்டியலை ஏற்றி, மேற்கோள் குறி உள்ள வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன், இல்லை. மேல் வரிசைச் சோதனையில் டைப்ரைட்டர் வந்தது. எச், ஒய், சி, ஜி, எல் போட்டு நீளவாரியாக அடுக்கினால் முதல் திரை முழுக்கக் கிட்டத்தட்ட எல்லாமே லி என்றுதான் முடிகிறது. வரிசை முக்கியமில்லை என்பதையும் எந்த எழுத்துக்கூட்டல் என்பதையும் விதியில் சேர்த்துவிட்டோம்.